ஆஸ்பத்திரியில் ட்ரயலில் சேரச் சொன்னால் என்ன செய்வது?

கிளினிக்கில் நம்பர் எடுத்துப்போட்டு வாங்கில் இருக்கிறீர்கள். இளம் டொக்டர் ஒருவரோ ஆராய்ச்சி உதவியாளர் ஒருவரோ வந்து, "அம்மா, இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, நீங்களும் சேரலாம், விருப்பமோ?" என்று கேட்டு நாலைந்து பக்கத் தாளை நீட்டினால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சுப்போட்டு அடுத்த முறை வந்து சொல்லலாமோ?" அவசர வருத்தம் இல்லாத எந்த ட்ரயலிலும் இதற்கு ஓம் என்றுதான் பதில் வர வேண்டும். "இல்லை, இப்பவே வையுங்கோ" என்று யாராவது நெருக்கினால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சித் தாள்களை நோயாளிகளுக்கு வாசித்து விளங்கப்படுத்துகிற வேலையில் இருந்தவள் நான். அந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்டது இரண்டு விதமான ஆட்களை. ஒரு பகுதி, தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "டொக்டர் சொன்னால் சரிதானே பிள்ளை, எங்க கையெழுத்து வைக்கிறது?" என்று பேனையைக் கேட்பவர்கள். மற்றப் பகுதி, ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடனேயே "எங்களை எலியாக்கப் பாக்கினம்" என்று எழும்பிப் போகிறவர்கள். இரண்டு பேரும் தாளை வாசிக்கவில்லை. சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை, எதைச் செய்தாலும் என்ன நடக்கப்போகிறது என்று விளங்கிக்கொண்டு செய்யுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ட்ரயல் என்றால் என்ன

இரண்டு சிகிச்சையில் எது நல்லது, அல்லது ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று டொக்டர்மாருக்கே உறுதியாகத் தெரியாத இடத்தில், ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முறையைக் கொடுத்து, முடிவை அளந்து பார்ப்பதுதான் கிளினிக்கல் ட்ரயல். மருந்துதான் என்றில்லை, ஒப்பரேஷன் செய்யும் முறை, உடற்பயிற்சி, சாப்பாட்டு ஆலோசனை எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கலாம்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாம்புக்கடியை எடுப்போம். தோட்டத்தில் தண்ணி இறைக்கும்போது புடையன் கடித்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும், ஆனால் பலருக்கு அதுவே ஒவ்வாமையையும் கொண்டுவரும். உடம்பு தடித்துக் கடிக்கும், மூச்சு இழுக்கும், பிரஷர் விழும், சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகோட்டிசோன், புரோமெத்தசின், அட்ரினலின் என்று ஏதாவது கொடுக்கிற வழக்கம் இருந்தது, ஆனால் எது உண்மையில் தடுக்கிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இருக்கவில்லை. இலங்கை ஆஸ்பத்திரிகளுக்குப் பாம்பு கடித்து வந்த 1007 பேரைச் சேர்த்து ஒரு ட்ரயல் செய்தார்கள், முடிவு 2011இல் வெளிவந்தது. மருந்து ஏற்றியவர்களில் நாலில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. முன்கூட்டியே கொடுத்த குறைந்த அளவு அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டு மருந்தும் குறைக்கவில்லை. அனுபவமுள்ள டொக்டர்மார் நல்ல மனதோடு கொடுத்து வந்த மருந்துகள்தான் அவை, எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த வேலைக்கு அவை உதவவில்லை என்று தெரிந்தது. ட்ரயல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ட்ரயலில் சிலருக்குக் கொடுத்தது பிளசீபோ, அதாவது மருந்து போலவே இருக்கும் ஆனால் உள்ளே மருந்து இல்லாத ஊசி. "அப்ப பாம்பு கடிச்ச ஆளுக்குத் தண்ணியை ஏத்தி விட்டவையோ?" என்று பதற வேண்டாம். விஷமுறிவு மருந்து எல்லாருக்கும் கிடைத்தது, அதற்கு மேலதிகமாக, ஒவ்வாமையைத் தடுக்கவென்று கொடுத்த மருந்தில்தான் பிளசீபோ இருந்தது. ஒரு வருத்தத்துக்கு நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு, கேடு வரும் என்று தெரிந்துகொண்டே வெறும் குளிசை கொடுக்க ஒழுங்கான எந்த ட்ரயலுக்கும் அனுமதி கிடைக்காது. ஆகவே தாளில் பிளசீபோ என்று கண்டால், "இது இப்ப நான் எடுக்கிற மருந்துக்குப் பதிலாகவோ, அல்லது அதோட சேர்த்தோ?" என்று கேளுங்கள்.

பிளசீபோ இல்லாத ட்ரயல்களும் நிறைய. இலங்கையில் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் பிரஷர் உள்ள 700 பேரை வைத்து ஒன்று நடந்தது. ஒரு பகுதிக்கு மூன்று பிரஷர் மருந்தை அரை அளவில் சேர்த்துச் செய்த ஒரே குளிசை, மற்றப் பகுதிக்கு டொக்டர் வழமையாக எழுதுகிற மருந்து. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒற்றைக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோருக்குப் பிரஷர் இருக்க வேண்டிய அளவுக்குள் வந்திருந்தது, மற்றவர்களில் 55 வீதம். 2018இல் வெளிவந்த இந்த முடிவு வெளிநாட்டு டொக்டர்மாரும் எடுத்துப் பேசுகிற ஒன்று. எங்களைப் போல கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்ற சனம் தந்த பதில் அது.

சிகிச்சையும் ட்ரயலும் ஒன்றில்லை

விளங்கப்படுத்த ஆகக் கஷ்டப்பட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டொக்டர் உங்களுக்கு மருந்து எழுதும்போது உங்களைப் பார்த்து, உங்களுக்கு எது நல்லது என்று யோசித்து எழுதுகிறார். ட்ரயலில் அப்படி இல்லை. நீங்கள் எந்தக் குழுவுக்குப் போகிறீர்கள் என்பதை ஒரு குலுக்கல் தீர்மானிக்கிறது, பெரும்பாலும் கொம்பியூட்டர் செய்கிற குலுக்கல். டொக்டருக்குத் தெரிந்தவர், மாமாவின் கூட்டாளி என்பதெல்லாம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. ஏனென்றால் டொக்டர் தான் விரும்பியவர்களை ஒரு பக்கம் போட்டால், வருத்தம் குறைந்தவர்கள் எல்லாரும் புது மருந்துப் பக்கம் போய்ச் சேர்ந்து, மருந்து நல்லது போலத் தெரியும். பல ட்ரயல்களில் நீங்கள் எந்த மருந்தை எடுக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கிற டொக்டருக்கும் தெரியாது. அவசரம் என்றால் உடனே திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள், அந்த வழி என்ன என்று கேட்டு வையுங்கள்.

இதனால்தான் "புது மருந்தாம், வெளிநாட்டு மருந்தாம், கட்டாயம் நல்லாத்தான் இருக்கும்" என்ற எண்ணத்தோடு சேர வேண்டாம் என்கிறேன். நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் ட்ரயலே தேவையில்லையே. உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பக்கவிளைவும் வரலாம். நிச்சயமாகப் பலன் போய்ச் சேருவது உங்களுக்குப் பிறகு அந்த வருத்தத்தோடு வரப்போகிறவர்களுக்கு. இதைத் தெரிந்துகொண்டு, "சரி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சேர்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

கட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்: முதல் கட்டத்தில் புது மருந்தைச் சில பத்துப் பேருக்கு, பெரும்பாலும் சுகதேகிகளுக்கு, கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் சில நூறு பேர். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்த்து, இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நாலாவது, மருந்து விற்பனைக்கு வந்த பிறகு கண்காணிப்பது. உங்களைக் கேட்பது எத்தனையாம் கட்டம் என்று தெரிந்தால் எவ்வளவு ஆபத்து என்று ஓரளவு மட்டுக்கட்டலாம், கட்டம் முந்தினதாக இருந்தால் கேள்வியும் கூட இருக்க வேண்டும்.

யார் அனுமதி கொடுத்தது என்று பாருங்கள்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பாலியல் தொற்று வருத்தம் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு என்ன வருத்தம் என்று ஒழுங்காகச் சொல்லாமல், பென்சிலின் வந்து குணமாக்கலாம் என்று தெரிந்த பிறகும் அதைக் கொடுக்காமல், வருத்தம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செய்தது அரசாங்கத்தின் சுகாதாரத் துறை. "எலியாக்கப் பாக்கினம்" என்கிற பயம் ஆதாரமில்லாத பயம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இப்படியான கொடுமைகள் நடக்கக் கூடாது என்றுதான் உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் விதிமுறைகளை வகுத்தது. ஆராய்ச்சியின் தேவையை விட நோயாளியின் நலன் பெரிது என்பது அதில் அடிப்படையான விதி.

இங்கே அதை நடைமுறையில் பார்ப்பது நெறிமுறைக் குழு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. ஆராய்ச்சித் திட்டத்தையும் உங்களுக்குத் தரப்போகிற தாளையும் அவர்கள் வாசித்துச் சம்மதித்த பிறகுதான் ஆட்களைச் சேர்க்கலாம். புது மருந்து என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இன்னொன்று, இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்தி வருகிற இலங்கை கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு அது, இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். தாளில் அந்தப் பதிவேட்டின் சுருக்கப் பெயரான எஸ்எல்சிடிஆர் (SLCTR) என்று தொடங்கி ஆண்டும் இலக்கமும் இருந்தால் அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் சரி. வேறு நாட்டுப் பதிவேட்டில் பதிந்த ட்ரயல்களும் உண்டு, அவற்றுக்கும் ஒரு இலக்கம் இருக்கும். பதிவேட்டில் உள்ளது ஆங்கிலத்தில்தான், வீட்டில் ஏஎல் படிக்கிற பிள்ளை இருந்தால் போனில் பார்த்துச் சொல்லும். தாளில் நெறிமுறைக் குழுவின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இல்லையென்றால் கையெழுத்து வைக்காதீர்கள்.

தாளை வாசிப்பது எப்படி

தாள் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளைத் தந்து வாயால் விளங்கப்படுத்துவதை ஏற்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கி, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அந்தக் காலத்தில் தமிழில் சொல்ல முடிந்ததை இப்போது ஏன் முடியாது?

தமிழில் இருந்தாலும் சில இடங்கள் விளங்காது, அது உங்கள் குற்றம் இல்லை. "சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்" என்று எழுதியிருந்தால், குலுக்கலில் பிரிப்போம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று படித்தவர்களுக்கும் விளங்காது. நான் கண்ட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவர்கள் விளங்கப்படுத்தி முடித்த பிறகு, "தங்கச்சி, இப்ப நான் விளங்கினதைச் சொல்றன், சரியோ எண்டு பாருங்கோ" என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடக்குகிறீர்களோ அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ஒருமுறை, மடியில் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் வைத்துக்கொண்டு இருந்த வயது போன அம்மா ஒருவருக்கு முழுத் தாளையும் வாசித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையிலிருந்து குளிசை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாங்கில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, "பிள்ளை, இதை விடோணுமோ? இதை? இதை?" என்று கேட்டார். ஆராய்ச்சி டொக்டர் வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஒரு அட்டை, பின்னேரம் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி டொக்டரைப் பார்த்து, வாங்கினது, கிளினிக் கொப்பியில் இல்லாதது. அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் அந்த மருந்து ஒருவருக்கும் தெரியவந்திருக்காது.

அதையே நீங்களும் செய்யுங்கள். எடுக்கிற எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் வாங்கின சூரணம், லேகியம், வீட்டில் அவித்துக் குடிக்கிற கசாயம் எல்லாம் அதில் அடக்கம். சொன்னால் டொக்டர் ஏசுவார் என்று மறைப்பதுதான் எங்கள் வழக்கம், ட்ரயலில் அது உண்மையிலேயே ஆபத்து, இரண்டு மருந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அதையும் முதலே சொல்ல வேண்டும்.

பிறகு காசு. ட்ரயலுக்கென்று எடுக்கிற மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. வழமையை விடக் கூடுதலாக வரச் சொன்னால் பஸ் காசு தருவார்களா என்று கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நெடுந்தீவிலிருந்து படகேறி வருகிற ஒருவருக்கு ஒரு நாள் வருகை என்பது ஒரு நாள் உழைப்பு.

மருந்தால் ஏதாவது கேடு வந்தால் சிகிச்சைச் செலவை யார் பொறுப்பது, இழப்பீடு உண்டா என்ற பகுதி தாளில் எங்கேயோ கடைசியில் இருக்கும், அதை முதலில் வாசியுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு மூச்சு இழுத்தால் யாருக்கு அடிப்பது என்று கேட்டு, அந்த இலக்கத்துக்கு அங்கேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள். எடுக்கிற இரத்தம் இங்கேயே பரிசோதிக்கப்படுமா, வெளிநாட்டுக்குப் போகுமா, மிச்சத்தை வைத்திருந்து வேறு ஆராய்ச்சிக்கும் பாவிப்பார்களா? ட்ரயல் முடிந்த பிறகு அந்த மருந்து எனக்குக் கிடைக்குமா, அல்லது பாமசியில் விலை கொடுத்து வாங்க வேண்டுமா? இதற்குக் காசு போடுவது யார், மருந்துக் கம்பனியா பல்கலைக்கழகமா? நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் ஒப்பிட வேண்டியது அதோடுதான்.

வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருந்து, வாசித்தது முழுவதையும் கேட்டு, அவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வெறுமனே மையில் பெருவிரலை அமத்தி எடுப்பது சம்மதம் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் சம்மதிக்க வேண்டும், விளங்குகிற வயது என்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கையெழுத்து வைத்த தாளின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

குடும்பம்

எங்கள் வீடுகளில் இப்படியான முடிவை ஒரு ஆள் தனிய எடுப்பதில்லை. "கனடாவில இருக்கிற மகனைக் கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்று சொல்வது முழுக்க நியாயம், அதற்காகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தாளைப் படம் பிடித்து வட்ஸப்பில் அனுப்புங்கள், மகன் கேள்விகளை எழுதி அனுப்பட்டும், அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோங்கள். ஆனால் முடிவு மகனுடையது இல்லை. மனைவி பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க "ஓம், அவ சேருவா" என்று கணவன் பதில் சொல்வதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், எனக்கு அது இன்னும் மனவருத்தம். ஊசி ஏறப்போவது யாருடைய கையிலோ அவர்தான் சொல்ல வேண்டும். நினைவில்லாமல் கிடக்கிற அவசர நோயாளி போல, தானாக முடிவெடுக்க முடியாதவருக்கு உறவினர் சம்மதம் கொடுக்கலாம், நினைவு வந்த பிறகு அவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்றால்

"எனக்கு விருப்பமில்லை டொக்டர்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்காகக் கிளினிக்கில் உங்கள் நம்பர் பின்னுக்குப் போகக் கூடாது, மருந்து குறையக் கூடாது, ஒருவரும் முகத்தைத் திருப்பக் கூடாது. அப்படி ஏதாவது நடந்தால் தாளில் இருக்கிற நெறிமுறைக் குழுவின் இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள், அந்த இலக்கம் அதற்காகத்தான். எங்கள் சனத்துக்கு டொக்டருக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வராது என்று எனக்குத் தெரியும். நேரே சொல்லக் கஷ்டம் என்றால் "யோசிச்சுச் சொல்றன்" என்று வந்துவிட்டு, அடுத்த முறை தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுங்கள்.

சேர்ந்த பிறகும் எந்த நேரமும் விலகலாம். விலகும்போது குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சில மருந்தைச் சட்டென்று விட்டால் உடம்புக்குக் கேடு. முதலில் போன் பண்ணிச் சொல்லி, எப்படி நிறுத்துவது, பழைய மருந்துக்கு எப்போது திரும்புவது என்று கேட்டுச் செய்யுங்கள்.

சேர்ந்தால்

ட்ரயலில் இருக்கிறீர்கள் என்று காட்டத் தருகிற அட்டையைக் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சனல் பண்ணிப் போனாலும், பல்லுப் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். தலையிடி, வயிற்றுப் பிரட்டல், நித்திரையின்மை என்று சின்னதாக எது வந்தாலும் திகதியோடு எழுதி வைத்துச் சொல்லுங்கள், மருந்தால் வந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. குளிசை எடுக்க மறந்த நாட்களை மறைத்து, மிச்சக் குளிசையை எறிந்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், டொக்டரின் மனம் நோகக் கூடாது என்று. தயவுசெய்து மிச்சத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். எடுக்காத குளிசையை எடுத்ததாகக் கணக்கில் போட்டால் வருகிற பதில் பிழைத்துவிடும், அந்தப் பதிலை நம்பி மருந்து எடுக்கப் போவது வேறொரு வீட்டுச் சனம்.

முடிவு வெளிவர ஒன்றிரண்டு வருடம், சில வேளை அதைவிடக் கூட எடுக்கும். உங்கள் இலக்கத்தைக் கொடுத்து, முடிவு வந்தால் தமிழில் சொல்லி அனுப்பச் சொல்லிச் சேரும்போதே கேட்டு வையுங்கள், கேட்டதைத் தாளின் ஓரத்தில் எழுதியும் விடுங்கள். அவர்கள் மறந்தாலும், பதிவு இலக்கம் உங்கள் பிரதியில் இருக்கும், அதை வைத்துப் பதிவேட்டில் தேடிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம்.